நிறுத்திவிட்டு அளந்த கரண்டு

சிங்காநல்லூரில் மின்னோட்ட அளவீட்டுப் பாதுகாப்பு நிலையம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் திறந்தார்கள். ஒரு கம்பியில் எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று அளந்து சான்று கொடுப்பது அதன் வேலை. திறந்த நாளிலிருந்து அங்கே ஒரு விபத்துகூட நடந்ததில்லை. எந்தக் கம்பியிலும் அளவுக்கு மீறிக் கரண்டு ஓடியதாகப் பதிவும் இல்லை. இந்த இரண்டு பெருமைகளையும் பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்கென்று பதவி எதையும் ஏற்படுத்தவில்லை.

அந்த நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பஷீர் பாய் அரவை மில் வைத்திருந்தார். அரிசி, கோதுமை, மல்லி, மிளகாய் எதுவானாலும் அரைத்துக் கொடுப்பார். மில்லுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சுவரின் மில் பக்கம் மீட்டர் பலகை இருந்தது. வீட்டுப் பக்கம், அந்த வருஷம், ஒரு தொட்டில் தொங்கியது. மகள் இல்மா தலைப்பிரசவத்துக்கு வந்து பெண் குழந்தை பெற்றிருந்தாள்.

மிளகாய்ப் பருவம். வருஷத்துக்கு வேண்டிய மிளகாயைக் காயவைத்து ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வரும். பழைய மோட்டாரோடு பஷீர் பாய் புதிதாக இன்னொரு மோட்டாரும் வைத்திருந்தார். இரண்டும் சேர்ந்து ஓடிய ஒரு மத்தியானம், அவர் மனைவி ரம்ஜான் பீவி மாவு சலித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஏனுங்க, மொளகா நெடிக்குள்ள ரப்பர் கருகற வாசம் வருதுங்க."

"பெல்ட்டா இருக்கும்."

"பெல்ட்டு இல்லீங்க. ஊட்டுப் பக்கம் வந்து செவுத்தைத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். தோசைக்கல்லை அடுப்பில் வைத்துக் கொஞ்ச நேரம் ஆனது போல இருந்தது. அன்றைக்கே தொட்டிலை அவிழ்த்து எதிர்ப்பக்கத்து உத்தரத்தில் கட்டினார்கள். ஆனால் அது சின்ன அறை. தீப்பிடித்தால் எதிர்ப்பக்கம் என்று ஒன்று கிடையாது. இல்மா அன்றிலிருந்து ஒரு கண்ணால்தான் தூங்கினாள்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். போஸ்ட் மரத்திலிருந்து மீட்டருக்கு வருகிற கம்பி ஒற்றை மோட்டார் காலத்தில் போட்டது, மெலிசு. தடிக் கம்பி மாற்ற வேண்டும். ஆனால் மீட்டர் வரைக்கும் உள்ள கம்பி சர்க்காருடையது, அவர் தொடக்கூடாது. அதில் தாங்குகிற அளவுக்கு மேல் கரண்டு ஓடுகிறது என்று அளவீட்டு நிலையம் சான்று கொடுத்தால்தான் சர்க்கார் ஆட்கள் மாற்றுவார்கள். மில்லை ஓட்டினால் கம்பி கருகும், ஓட்டாவிட்டால் வருஷத்துச் சாப்பாடு நின்றுவிடும். பஷீர் பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போனார்.

பொறியாளர் பாலகோபால் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். பிறகு எழுந்துபோய்க் கண்ணாடி பீரோவைத் திறந்து காட்டினார். உள்ளே பட்டுத் துணியின் மேல் கறுப்பாக, விரல் தடிமனில், ரப்பர் உறை போட்ட ஒரு வளையம் சுருண்டு கிடந்தது. அதிலிருந்து ஒரு வயர் போய்ச் சின்னப் பெட்டியில் முடிந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் பெட்டியின் நெற்றியில் இன்னும் காய்ந்திருந்தது.

"வெளிநாட்டுச் சரக்குங்க பாய். முந்தியெல்லாம் கரண்டை அளக்கோணும்னா கம்பியை அறுத்து நடுவுல மீட்டரைச் சேக்கோணும். அப்புறம் இடுக்கியாட்டம் ஒண்ணு வந்துச்சு. அது தடிச்ச கம்பியைக் கவ்வாது. இது பாருங்க, கவுறாட்டம் வளையுது. கம்பியைச் சுத்திப் போட்டு முனையை மாட்டுனாப் போதும், பொட்டியில நம்பர் வந்துரும். அறுக்க வேண்டாம், கரண்டை நிறுத்த வேண்டாம், செம்புல கையே பட வேண்டாம்."

பஷீர் பாய்க்கு மனசு நிறைந்துவிட்டது. "அப்ப நாளைக்கே வந்துருவீங்களா?"

"வாரமுங்க. லைன் கிளியர் கெடச்சதும் வாரம்."

"அதென்னங்க லைன் கிளியர்?"

"கரண்டை நிறுத்தறதுங்க. நிறுத்தியாச்சுன்னு மேல இருந்து சொல்லுவாங்க. அதுக்கப்புறந்தான் நாங்க கம்பிகிட்ட வரலாம்."

பஷீர் பாய் இதை மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பெரிய அலுவலகம், மேஜைமேல் கண்ணாடி போட்டிருந்தது, சுவரில் தலைவர்கள் இருந்தார்கள். தனக்குத்தான் புரியவில்லை என்று முடிவு செய்து, டீக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். இந்தத் தேசத்தில் பாதி அலுவலகங்கள் இந்த முடிவின் மேல்தான் நிற்கின்றன.

அளக்கிற நாளும் வந்தது. ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் வளையம் மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து வந்தது. அதிகாரிகள் பின்னால் நசுங்கி வந்தார்கள். முதலில் இறங்கியவர் பாதுகாப்பு அதிகாரி தம்பிதுரை. அவிநாசிக்காரர். டீக்கடையிலும் ஹெல்மெட்டைக் கழற்றாதவர். அவருக்குப் பின்னால் பாலகோபால், லைன்மேன் மாறப்பன், ரப்பர் பாய் தூக்குகிறவர், கையுறை தூக்குகிறவர், சிவப்புக் கொடி பிடிக்கிறவர்.

தெரு முழுக்கக் கரண்டு நின்றது. தையல்காரர் வெளியே வந்து நின்றார். பஞ்சு மிட்டாய் மிஷின்காரர் ஏதோ முணுமுணுத்தார். மில்லுக்குள் அன்னூர்ச் சின்னாத்தாள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். மகளைச் சிங்காநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்ததால், வருஷா வருஷம் தன் காட்டு மிளகாயைக் கொண்டுவந்து இங்கேதான் அரைப்பாள்.

"கரண்டு எப்பங்க வரும்?" என்று கேட்டாள்.

"அளந்து முடிச்சதும் வரும்" என்றார் தம்பிதுரை. "இப்ப எல்லாரும் எந்திரிச்சு வலது கையை முன்னால நீட்டுங்க. உறுதிமொழி."

சின்னாத்தாளும் எழுந்து கையை நீட்டினாள். தம்பிதுரை சொல்லச் சொல்ல அத்தனை பேரும் சொன்னார்கள். "மின்சாரம் முழுவதுமாக நின்றுவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே மின்சாரத்தை அளப்பேன் என்று உளமார உறுதி கூறுகிறேன்." அடுத்த அறையில் குழந்தை விழித்து அழுதது. ரம்ஜான் பீவி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ரப்பர் பாயை விரித்தார்கள். மாறப்பன் கையுறை போட்டு, சூடாகும் கம்பியைச் சுற்றி வளையத்தைப் போட்டு முனையை மாட்டினான். பாலகோபால் குனிந்து பெட்டியைப் பார்த்தார்.

"பூஜ்ஜியம்" என்றார்.

"பூஜ்ஜியம்" என்று தம்பிதுரை திருப்பிச் சொன்னார். அவர் குரலில், பரீட்சை எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் வந்தாற்போல ஒரு நிறைவு.

பஷீர் பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், கரண்டை நிறுத்திப்போட்டு அளந்தா பூஜ்ஜியந்தானுங்களே வரும்?"

தம்பிதுரை கோபப்படவில்லை. சிரித்தார். "எல்லாரும் அப்படித்தானுங்க நெனைக்கறாங்க பாய். ஆனா அளக்காம எப்படிச் சொல்ல முடியும்? நாங்க அளந்துபோட்டுச் சொல்றோம்."

"இல்லீங்க, கரண்டை நிறுத்தாமயே அளக்கலாம்னு சார் சொன்னாருங்க."

"அதுதானுங்க இந்தக் கருவியோட பெருமையே. நிறுத்த வேண்டியதில்ல. ஆனாலும் நாம நிறுத்தறோம். அவங்க நாட்டுல ஒரு பாதுகாப்போட விட்டுட்டாங்க. நம்ம நிலையத்துல ரெண்டு பாதுகாப்பு. இதைப் பாக்க வெளியூர்ல இருந்தெல்லாம் அதிகாரிங்க வந்துட்டுப் போறாங்க."

"அப்ப இந்தச் செவுரு சூடு?"

"செவுரு சூடா இருந்தா அது கொத்தனார் சமாச்சாரமுங்க."

சான்று கையோடு கிடைத்தது. மேற்படி கம்பியில் மின்னோட்டம் இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை. ஜீப் போன பிறகு கரண்டு வந்தது. மில் ஓடியது. சின்னாத்தாளின் மூட்டை பாதி அரைவதற்குள் மறுபடி ரப்பர் வாசம் வந்தது. பஷீர் பாய் மில்லை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டினார். அப்படியும் மூட்டை முடியாததால் சின்னாத்தாள் மகள் வீட்டிலேயே தங்கித் தினமும் வந்து உட்கார்ந்தாள். ரம்ஜான் பீவி சுவரில் கையை வைத்தபடியே நின்று, "நிறுத்துங்க" என்றும் "ஓட்டுங்க" என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் அன்றைக்குக் கரண்டை அளந்தது அவள் உள்ளங்கை ஒன்றுதான். அதற்குச் சான்று கொடுக்கும் அதிகாரம் இல்லை.

சில நாளில் கம்பியின் மேலுறை உருகிச் சொட்ட ஆரம்பித்தது. கீழே விழுந்து உறைந்த ரப்பர்த் துண்டைப் பஷீர் பாய் காகிதத்தில் பொதிந்து நிலையத்துக்கு எடுத்துப் போனார். பாலகோபால் அதைக் கையில் வாங்கி, விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஆறிப்போச்சுங்களே பாய். சூடே இல்லையே."

பஷீர் பாய்க்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அவருக்குக் கத்திப் பழக்கமில்லை, மில் சத்தத்தில் வாழ்ந்தவர், எதையும் சைகையில் சொல்லிப் பழகியவர். கைகளை நெஞ்சுயரத்துக்குக் கொண்டுவந்து தொட்டில் ஆட்டுவது போல ஆட்டிக் காட்டினார். "பச்சப்புள்ள தூங்குதுங்க சார். அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்."

பாலகோபால் மனம் இளகிவிட்டது. அன்றைக்கே 'சிறப்பு அளவீடு' என்று ஏற்பாடு செய்தார். சிறப்பு என்னவென்றால், முதல் தடவை தெருவுக்கு மட்டும் கரண்டை நிறுத்தினார்கள். இந்தத் தடவை சிங்காநல்லூர் முழுக்க நிறுத்தினார்கள்.

வட்டாரத்திலுள்ள பட்டறைகள் எல்லாம் அடங்கின. குளத்தங்கரையில் கொக்கு கத்துவது மில்லுக்குள் கேட்டது. உறுதிமொழி முடிந்தது. வளையத்தை மாட்டினார்கள். பூஜ்ஜியம் வந்தது. சான்று எழுதும் முன்னால், கூடிய கூட்டத்தைப் பார்த்த தம்பிதுரைக்கு நாலு வார்த்தை பேசத் தோன்றியது.

"பொதுமக்களே, பயப்படாதீங்க. இந்த நிலையம் ஆரம்பிச்சதுல இருந்து நாங்க அளந்த கம்பியில ஒண்ணுகூட ஆபத்தா இருந்ததில்லீங்க. கோயமுத்தூர்க் கம்பிங்க அவ்வளவு ஆரோக்கியம். ஒருத்தர் கேட்டாரு, அப்ப ஏனுங்க போன வருஷம் அந்தப் பஞ்சுக் கிடங்கு பத்துச்சுன்னு. நான் சொன்னேன், நாங்க அளந்தப்ப பத்துச்சுங்களா? இல்ல. நாங்க போனதுக்கப்புறம் பத்துச்சு. அப்ப தப்பு எங்க மேலயா, நாங்க போனது மேலயா?"

கூட்டம் யோசித்தது. தம்பிதுரை தொடர்ந்தார். விதிமுறையின் வரலாற்றுக்குப் போனார், ஹெல்மெட்டின் நன்மைகளுக்கு வந்தார். லைன் கிளியர் என்பது இவ்வளவு நேரம் என்று குறித்துக் கொடுப்பது. பேச்சு அந்த நேரத்தைத் தாண்டியது. மேலே இருந்தவர்கள் நேரம் முடிந்ததும் கரண்டை விட்டுவிட்டார்கள்.

மில்லுக்குள் பல்பு எரிந்தது. இருபது வருஷமாக அரவை மில் நடத்துகிற ஒரு மனிதன், நாளுக்குப் பத்துத் தரம் கரண்டு போய் வருகிற ஊரில், பல்பு எரிந்ததும் என்ன செய்வான்? பஷீர் பாயின் கை தானாகப் போய் இரண்டு பச்சைப் பொத்தான்களையும் அமுக்கியது. மோட்டார்கள் உறுமின. கூம்பில் கிடந்த சின்னாத்தாளின் மிளகாய் சரசரவென்று இறங்கியது.

முதலில் வெளியே ஓடியவர் தம்பிதுரை. பிறகு ரப்பர் பாய்க்காரர், கையுறைக்காரர், பாலகோபால், மாறப்பன். கம்பியைச் சுற்றி வளையம் அப்படியே தொங்கியது. பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குள் எண்கள் ஏறின. ரம்ஜான் பீவி மட்டும் நின்று பார்த்தாள். நாற்பத்திரண்டு. அந்தக் கம்பி இருபது ஆம்பியருக்கு மேல் தாங்காது. கடல் கடந்து வந்து, சந்தனம் பூசிக்கொண்டு, பட்டில் படுத்துக் கிடந்த அந்த வளையம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேலை செய்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பஷீர் பாய் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அதிகாரிகள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து உள்ளே வந்தார்கள்.

"நாப்பத்திரண்டுன்னு காட்டுச்சுங்க" என்றாள் ரம்ஜான் பீவி. "என்ற கண்ணால பாத்தனுங்க."

"நானும் பாத்தனுங்க" என்றாள் சின்னாத்தாள். அவள் பார்க்கவில்லை. மிளகாய் சீக்கிரம் அரைந்தால் சரி என்று சொன்னாள்.

தம்பிதுரை ஹெல்மெட்டைச் சரிசெய்தார். "அம்மணி, பாக்கும்போது ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?"

"இல்லீங்க."

"ரப்பர் பாய் மேல நின்னீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அது பாதுகாப்பில்லாம எடுத்த அளவுங்க. செல்லாது."

"செல்லாட்டியும் அது நெசந்தானுங்களே?"

"நெசமா இருக்கலாமுங்க. எங்க நிலையத்தோட பேருல நெசம்னு எங்காவது இருக்குதா? பாதுகாப்புன்னுதானே இருக்குது."

பூஜ்ஜியத்தையே சான்றில் எழுதி, வளையத்தைக் கழற்றி மரப்பெட்டிக்குள் வைத்தார்கள். பாலகோபால் மட்டும் ஜீப்பில் ஏறுமுன் பஷீர் பாயைத் தள்ளிக் கூட்டிப்போய்த் தோளில் கை வைத்தார்.

"எனக்குத் தெரியாதுங்களா பாய்? நானும் படிச்சவந்தான். ஆனா உங்க கம்பிக்கு நாப்பத்திரண்டுன்னு எழுதுனா, இத்தனை நாளா எழுதுன பூஜ்ஜியம் எல்லாம் என்னங்க ஆகும்? எத்தனை குடும்பம் அதை நம்பி நிம்மதியாத் தூங்குது."

அந்த வாரம் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு முறை முறையாக அளந்தும் மின்னோட்டம் பூஜ்ஜியமாகவே இருப்பதால், இது பயன்படாத இணைப்பு. பயன்படாத இணைப்பு தொங்குவது பொதுமக்களுக்கு ஆபத்து. ஆகவே துண்டிக்கப்படும். பஷீர் பாய் கரண்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "மாசா மாசம் யூனிட் ஓடியிருக்குதுங்களே சார்."

"அது வேற ஆபீஸுங்க" என்றார் பாலகோபால். அவர் கண்களில் உண்மையான வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை என்ன செய்வது என்று பஷீர் பாய்க்குத் தெரியவில்லை.

மாறப்பன் போஸ்ட் மரத்தில் ஏறிக் கம்பியை வெட்டினான். மில் நின்றது. வீட்டில் ஃபேன் நின்றது. இல்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முறத்தால் விசிறினாள். சின்னாத்தாளின் மிளகாய் கூம்புக்குள் பாதி பொடியாகவும் பாதி முழுசாகவும் கிடந்தது.

மறுநாள் தம்பிதுரை ஆய்வுக்கு வந்தார். கையுறைகூடப் போடாமல் கம்பியைப் பிடித்துப் பார்த்தார்.

"சில்லுன்னு இருக்குது. கம்பி சூடாகுதுங்கறதுதானே உங்க புகாரு? தீந்துச்சுங்களா?"

"தீந்துச்சுங்க" என்றார் பஷீர் பாய். வேறு என்ன சொல்வது? உண்மையிலேயே தீர்ந்திருந்தது. "கனெக்ஷன் மறுபடி வேணுமுங்க சார். புது இணைப்பாவே கொடுங்க, தடிக் கம்பியாப் போட்டு."

"தாராளமா. எவ்வளவு கரண்டு ஓடுதுன்னு அளந்து சான்று வெச்சு மனுப் போடுங்க. அதுக்குத் தகுந்த கம்பி போடுவாங்க."

"எந்தக் கம்பியிலங்க அளக்கறது?"

"இதுலதான்" என்று தம்பிதுரை கையிலிருந்த செத்த கம்பியைக் காட்டினார்.

சாயங்காலமே வந்துவிட்டார்கள். அந்த நிலையத்தின் சரித்திரத்தில் இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் வந்ததில்லை. லைன் கிளியர் வாங்க வேண்டியிருக்கவில்லை. தம்பிதுரையின் முகத்தில் அப்படி ஓர் ஒளி. எதையும் நிறுத்தாமல், வெளிநாட்டுக்காரன் சொன்ன முறைப்படியே அளக்கப் போகிறோம் என்று எல்லாரிடமும் சொன்னார். போட்டோக்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். உறுதிமொழிக்கு எல்லாரும் வலது கையை நீட்டினார்கள். சின்னாத்தாள் நீட்டினாள். பஷீர் பாயும் நீட்டினார்.

வளையத்தை மாட்டினார்கள். பூஜ்ஜியம்.

"ஒண்ணுமே ஓடாத கம்பிக்கு எதுக்குங்க பாய் இணைப்பு?" என்று பாலகோபால் மெதுவாகக் கேட்டுவிட்டு, சான்றை எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். பஷீர் பாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஜீப் போனது. சின்னாத்தாள் அரையாத மிளகாயைக் கூம்பிலிருந்து கையாலேயே அள்ளிச் சாக்கில் போட்டுக் கட்டினாள். "அடுத்த வருசம் வாரனுங்க பாய்" என்று சொல்லிவிட்டுத் தலையில் ஏற்றிக்கொண்டு வேறு மில் தேடிப் போனாள்.

உள்ளே குழந்தை புழுக்கம் தாங்காமல் விடாமல் அழுதது. ரம்ஜான் பீவி அறை முழுக்கச் சுவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கம் கட்டியிருந்த தொட்டிலை அவிழ்த்து, பழையபடி மீட்டர் பலகைச் சுவரோரமே கொண்டுபோய்க் கட்டினாள். வீட்டிலேயே அந்தச் சுவர்தான் இப்போது குளிர்ச்சியாக இருந்தது.